ஆமாவா, இல்லையா: டாரட் சீட்டில் ஒற்றைப் பதில் கேட்கும் முறை

ஊரில் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எந்த நிறம் வந்தால் 'சரி' என்று சாமி முன்னால் முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பொட்டலத்தைப் பிரித்த பிறகு நிறத்துக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்.

படச் சீட்டை எடுத்துக் குறி பார்க்கும் டாரட்டில் ஆமா-இல்லை கேட்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சீட்டை எடுத்துவிடுகிறார்கள், அது ஆமாவா இல்லையா என்று அதன் பிறகு யோசிக்கிறார்கள். யோசிக்கும்போது மனசு தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். எந்த முறை, எது ஆமா, எது இல்லை, இரண்டுங்கெட்டான் சீட்டு வந்தால் என்ன செய்வது: இந்த நான்கும் சீட்டைத் தொடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை ஒழுங்காகச் செய்வதற்கான வழிதான்.

இந்த விதிகள் எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆட்டச் சீட்டாகத்தான் பிறந்தது. அதில் குறி பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பரவியது. இன்று பெங்களூரில் நம் கைக்கு வரும் கட்டுகள் பெரும்பாலும் 1909இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டின் படங்களை ஒட்டியவை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை அந்தப் படங்கள். அதனால் ஒரு புத்தகத்தில் 'ஆமா' என்று இருக்கும் சீட்டு இன்னொன்றில் 'தெரியாது' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். எதை எடுத்துக்கொண்டாலும் நடுவில் மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி

பாதி வேலை இதில் முடிந்துவிடும். தமிழில் ஆமா-இல்லைக் கேள்விக்கு ஒட்டுவது ஒரே ஒரு 'ஆ'. அதை எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் பதிலே இருக்கிறது. "இந்த மாசம் அல்சூர்ல வீடு கிடைக்குமா?" என்று கேட்டு 'இல்லை' வந்தால், இந்த மாசம் அல்சூரில் வீடு கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். "இந்த மாசமா கிடைக்கும்?" என்று கேட்டிருந்தால் அதே 'இல்லை'க்கு அடுத்த மாசம் என்றும் அர்த்தம் வரும். "அல்சூர்லயா கிடைக்கும்?" என்றால் விவேக் நகரில் கிடைக்கலாம். மூன்றையும் மனசுக்குள் கலந்து வைத்துக்கொண்டு சீட்டு எடுத்தால், வந்த பதில் எதற்கு வந்தது என்று எப்படித் தெரியும்? அதனால் 'ஆ' எப்போதும் வினைச்சொல்லின் கடைசியில் வரட்டும். ஒரு கேள்விக்கு ஒரு வேலை, ஒரு காலக்கெடு.

எதிர்மறையாகக் கேட்கவே கூடாது. "அவங்க கூப்பிடாம போயிடுவாங்களா?", "இன்டர்வியூல ரிஜெக்ட் பண்ண மாட்டாங்களா?" என்பதெல்லாம் பயத்தில் வரும் கேள்விகள். இதற்கு சூரியன் (சன்) சீட்டு வந்தால், ஆமா, கூப்பிடாமல் போவார்கள் என்றா? இல்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. "இருபதாம் தேதிக்குள்ள அந்த கம்பெனில இருந்து ஆஃபர் வருமா?" என்று நேராகத் திருப்புங்கள்.

அடுத்தது 'உமா'வும் 'லாமா'வும். "ஆஃபர் வருமா?" என்பது நடக்கப்போவதைக் கேட்பது. "ஆஃபர் வந்தா எடுத்துக்கலாமா?" என்பது யோசனை கேட்பது. ஆமா-இல்லைக்கு நன்றாகப் பொருந்துவது இரண்டாவது வகை. காரணம் எளிது: 'லாமா'வில் செய்யப்போகிறவர் நீங்கள், பதிலை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்ய முடியும். 'உமா'வில் முடிவெடுப்பது எச்.ஆர். இன்னொருவர் மனசில் இருப்பதைச் சீட்டு படித்துச் சொல்லும் என்று நம்பிக் காத்திருப்பதில் நாள்தான் போகும்.

'விடலாமா' கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. "பேப்பர் போட்டுடலாமா?" என்று கேட்கிறீர்கள். டெத் சீட்டு வருகிறது. எந்தச் சீட்டு ஆமா, எது இல்லை என்று பின்னால் வரும் பட்டியல்படி அது 'இல்லை'. ஆனால் அந்தச் சீட்டின் பொருளே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது. கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் போகும், தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன் தெரியும். வேலையை விடுகிறவருக்கு அது 'ஆமா, கிளம்பு' என்றுதான் படும். கோப்பையில் எட்டும் அப்படித்தான்: அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளையும் விட்டுவிட்டு ஒருவர் முதுகைக் காட்டி நடந்து போகிறார். பட்டியல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்லும். இதைத் தவிர்க்கக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இன்னும் ஆறு மாசம் இதே வேலைல இருக்கலாமா?" இப்போது டெத் வந்தாலும், கோப்பை எட்டு வந்தாலும் பட்டியலும் படமும் சேர்ந்தே 'இல்லை' என்று சொல்லும்.

"ஒயிட்ஃபீல்டா, எலெக்ட்ரானிக் சிட்டியா?" என்பது ஆமா-இல்லைக் கேள்வியே அல்ல. இதை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் ஆமா வரலாம், இரண்டுக்கும் இல்லையும் வரலாம். மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை மட்டும் எடுத்து ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

சீட்டிடம் போகவே கூடாத கேள்விகளும் உண்டு. மார்பு வலி, உடம்பில் புதிதாக ஒரு கட்டி, மாத்திரையை நிறுத்தலாமா என்பதெல்லாம் டாக்டருக்கு. "இந்த சைட் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் இந்த ஊரில் நிறைய. சொத்து வரிப் பதிவில் அது ஒழுங்கான ஏ காத்தாவா, குறையுள்ள பி காத்தாவா, வில்லங்கச் சான்று சுத்தமா என்று பார்த்து முடிக்காமல் சீட்டைத் தொடாதீர்கள். வில்லங்கத்தைக் கர்நாடக அரசின் காவேரி இணையதளத்திலேயே எடுக்கலாம். காகிதத்தில் எழுதியிருப்பதைச் சீட்டில் தேட வேண்டியதில்லை. காகிதமெல்லாம் சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லை என்றால், அப்போது கேளுங்கள்.

கேள்வி தயாரானதும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாயால் சொல்வது போதாது. சீட்டைப் பார்த்த மறுநிமிஷமே கேள்வி நாமறியாமல் கொஞ்சம் நகர்ந்துவிடும். எழுதியிருந்தால் நகராது.

கட்டு

டாரட் கட்டில் 78 சீட்டு. அதில் 22 மேஜர் அர்கானா என்கிற தனிப்பெயர் உள்ள பெரிய சீட்டு, 56 மைனர் அர்கானா என்கிற சின்னச் சீட்டு. மைனரில் நான்கு வகை: வாண்ட்ஸ் என்கிற கோல், கப்ஸ் என்கிற கோப்பை, ஸ்வோர்ட்ஸ் என்கிற வாள், பென்டகிள்ஸ் என்கிற காசு. வகைக்கு 14: ஏஸ் முதல் பத்து வரை, பிறகு பேஜ் (பணியாள்), நைட் (குதிரை வீரர்), குயின், கிங்.

வாங்கி வந்ததும் எண்ணிப் பாருங்கள். பல கட்டுகளில் கூடுதலாக இரண்டு சீட்டு இருக்கும், வெறும் சீட்டாகவோ கம்பெனி விளம்பரமாகவோ. அவற்றை எடுத்து டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். நடைபாதையிலும் ஆன்லைனிலும் விலை மலிவாகக் கிடைக்கும் நகல் கட்டில் இதற்கு நேர்மாறாக ஒரு சீட்டு குறைவதும், ஒரே சீட்டு இரண்டு தடவை வருவதும் உண்டு. ஏஸ் ஒன்று குறைந்தாலே, பின்னால் வரும் ஏஸ் முறை படுத்துவிடும். வழக்கமான ரைடர் சீட்டு சுமார் 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம், ரம்மிச் சீட்டைவிட நன்றாகவே பெரிது. சின்னக் கை உள்ளவர்கள் பாக்கெட் அளவுக் கட்டு வாங்கினால் கலைக்க வசதி.

வாங்கும்போது முதலில் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். சீட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் முதுகு ஒரே மாதிரி தெரிகிறதா? ஒரு மூலையில் மட்டும் நிலா, ஒரு பக்கம் மட்டும் கையெழுத்து என்று இருந்தால், எது நேர் எது தலைகீழ் என்று எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். விரல் தானாக நேர்ச் சீட்டை நோக்கிப் போகும். இப்படிப்பட்ட கட்டு கையில் இருந்தால் பின்னால் சொல்லும் மூன்று முறைகளில் நேர்-தலைகீழ் முறையை விட்டுவிட்டுப் பட்டியல் முறையில் மட்டும் பாருங்கள்.

கலைப்பது

புதுக் கட்டு வரிசையாக அடுக்கி, எல்லாச் சீட்டும் நேராக இருக்கும். அதை ரம்மிக்குக் கலைப்பதுபோல் கையில் வைத்துப் பத்துத் தடவை மாற்றிப் போட்டால் போதாது. கட்டுகட்டாகத்தான் இடம் மாறும், பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் பல பிரியாமலேயே இருக்கும். நேராக இருந்ததெல்லாம் நேராகவேதான் இருக்கும். அந்த நிலையில் நேர்-தலைகீழ் முறையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமா'தான் வரும். அதை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

சரியான வழி இது. கட்டைக் கிட்டத்தட்ட பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியை மேசை மேல் வைத்தபடியே அரைவட்டம் திருப்புங்கள், மேல்புறம் கீழ்ப்புறமாக வரட்டும். பிறகு இரண்டு பாதியையும் ஒரு துணியின் மேல் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் கோலமாவைத் தரையில் பரப்புவதுபோல் வட்டமாகக் கலக்குங்கள். ஒரு நிமிஷமாவது கலக்க வேண்டும். இப்படிக் கலக்கும்போது சீட்டுகள் திசையும் மாறும், இடமும் மாறும். பிறகு திரட்டி அடுக்கி, ஒரு தடவை வெட்டி மாற்றி வையுங்கள். பெரிய சீட்டை இரண்டு பாதியாக வளைத்துச் சடசடவென்று விடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓரம் பிளந்துவிடும். ஓரம் பிளந்த சீட்டு அடையாளம் தெரிந்த சீட்டு.

ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊர் மழையில் சீட்டு ஈரம் வாங்கி ஒட்டிக்கொள்ளும். இரண்டு இரண்டாக நகர்ந்தால் கலைப்பு கெட்டது என்று அர்த்தம். கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பார்த்து முடித்ததும் டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுங்கள், ஜன்னலோரத்தில் விட வேண்டாம்.

எடுத்த சீட்டைத் திருப்பும் விதத்திலும் தவறு நடக்கும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். காலண்டர் தாளைத் தூக்குவதுபோல் கீழிருந்து மேலாகத் திருப்பினால் நேராக இருந்தது தலைகீழாகிவிடும். பழகியவர்கள்கூட அவசரத்தில் இதைச் செய்கிறார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், சீட்டு யார் பக்கத்திலிருந்து பார்க்க நேர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்துப் படிப்பவர் பக்கம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

மூன்று முறைகள்

எளிமையானது நேர்-தலைகீழ். நேராக வந்தால் ஆமா, தலைகீழாக வந்தால் இல்லை, சீட்டின் பெயரைப் பார்க்கவே வேண்டாம். நன்றாகக் கலைத்திருந்தால் பாதிக்குப் பாதி. ஒற்றைச் சீட்டில் மனசு நிற்காதவர்கள் மூன்று எடுக்கலாம். மூன்றும் நேர் என்றால் உறுதியான ஆமா. இரண்டு நேர், ஒன்று தலைகீழ் என்றால் ஆமாதான், ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தத் தலைகீழ்ச் சீட்டுதான் முடிச்சைக் காட்டும். மூன்றும் தலைகீழ் என்றால் உறுதியான இல்லை; இரண்டு தலைகீழ், ஒன்று நேர் என்றால் இல்லைதான், ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் இழுபறி வராது. எட்டுக்கு ஒரு தடவைதான் மூன்றும் நேராக வரும். அதனால் உறுதியான ஆமா வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், அது இயல்பிலேயே அரிது.

இரண்டாவது பட்டியல் முறை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஆமா, இல்லை, பொறு என்று முன்கூட்டியே பெயர் வைத்துவிடுவது. நேரா தலைகீழா என்று பார்ப்பதில்லை. படத்தின் இயல்பை ஒட்டி இப்படிப் பிரிக்கலாம்.

மேஜரில் ஆமா: ஃபூல், மெஜிஷியன், எம்ப்ரஸ், எம்பரர், லவர்ஸ், சாரியட், ஸ்ட்ரெங்த், வீல் ஆஃப் ஃபார்ச்சூன், டெம்பரன்ஸ், ஸ்டார், சன், ஜட்ஜ்மென்ட், வேர்ல்டு. இல்லை: டெத், டெவில், டவர். பொறு: ஹை ப்ரீஸ்டஸ், ஹைரோஃபன்ட், ஹெர்மிட், ஜஸ்டிஸ், ஹேங்டு மேன், மூன்.

கோலில் ஐந்தும் பத்தும் இல்லை. இரண்டு, ஏழு, ஒன்பது பொறு. மற்றதெல்லாம் ஆமா. கோப்பையில் ஐந்தும் எட்டும் இல்லை, நான்கும் ஏழும் பொறு, மற்றது ஆமா. காசில் நான்கும் ஐந்தும் இல்லை, இரண்டும் ஏழும் பொறு, மற்றது ஆமா. வாள்தான் கடுமையான வகை: ஏஸும் ஆறும் மட்டும் ஆமா. மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் இல்லை. இரண்டு, நான்கு, பேஜ், நைட், குயின், கிங் பொறு.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஆமா 44, இல்லை 15, பொறு 19. அதாவது எந்தக் கேள்வி கேட்டாலும் ஆமா வருவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு, ஐந்தில் ஒரு தடவைகூட 'இல்லை' வராது. டாரட் படங்களில் நல்ல படங்களே அதிகம் என்பதால் பொருளை ஒட்டிப் போடும் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் சாயும். இது தெரியாதவர்கள் 'எனக்கு எப்பவும் ஆமாவே வருது' என்று பூரித்துப்போகிறார்கள். தெரிந்தவர்கள் இந்த முறையில் வந்த 'இல்லை'க்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பார்கள், 'ஆமா'வை அடக்கமாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் அதையும் ஒரு தடவை எண்ணிவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பொறு வந்தால் இன்னும் ஒரே ஒரு சீட்டு எடுக்கலாம். அதுவும் பொறு என்றால் கட்டை மூடிவிட வேண்டும். கேள்வி இன்னும் பழுக்கவில்லை. பெரும்பாலும் ஒரு தகவல் குறைகிறது: சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலேயே வேலையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள்.

இந்த இரண்டு முறையையும் கலப்பதுதான் மிகப் பெரிய பிழை. சன் தலைகீழாக வருகிறது. பட்டியல்படி ஆமா, திசைப்படி இல்லை. வந்த பிறகு முறையைத் தேர்ந்தெடுக்கிற இடம் கிடைத்துவிட்டது, இனி அது உங்கள் ஆசையின் பதில். முறையின் பெயரையும் கேள்விக்குப் பக்கத்திலேயே நோட்டில் எழுதிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது ஏஸ் முறை. பழைய முறை, கொஞ்சம் நேரம் எடுக்கும். 'ஏன்' என்பதையும் கூடவே சொல்வதால் பெரிய முடிவுகளுக்கு இதுவே நல்லது. முன்பு சொன்னபடி பாதியைத் திருப்பிக் கலைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து முதல் குவியலில் போடுங்கள். ஏஸ் வந்த உடனே அந்தக் குவியலை நிறுத்த வேண்டும். வராவிட்டால் 13 சீட்டோடு நிறுத்த வேண்டும். அதே மாதிரி இரண்டாவது குவியல், மூன்றாவது குவியல். நேராக வந்த ஏஸ் ஒவ்வொன்றும் ஆமா, தலைகீழாக வந்தது இல்லை, ஏஸ் இல்லாத குவியல் மௌனம். நேர் ஏஸ் அதிகமா, தலைகீழ் ஏஸ் அதிகமா என்று எண்ணினால் பதில் வந்துவிடும். சமமாக வந்தால் 'இப்போதைக்கு இல்லை' என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். "ஞாயிற்றுக்கிழமை பார்த்த அல்சூர் வீட்டுக்கு இந்த வாரம் டோக்கன் கொடுக்கலாமா?" முதல் குவியல்: எட்டுச் சீட்டு போய், ஒன்பதாவதாகக் காசு ஏஸ், நேராக. நிறுத்துகிறோம். இரண்டாவது குவியல்: 13 சீட்டும் தீர்ந்தது, ஏஸ் இல்லை. மௌனம். மூன்றாவது: நான்காவது சீட்டாக வாள் ஏஸ், தலைகீழாக. ஒன்றுக்கு ஒன்று சமம், ஆகவே இப்போதைக்கு இல்லை. இங்கே வகை உதவிக்கு வருகிறது. காசு என்பது பணம், வீடு, சொத்து. கோல் முயற்சி, வேலை. கோப்பை மனசு, உறவு. வாள் பேச்சு, எழுத்து, தகராறு. பணப் பக்கம் நேராகவும் எழுத்துப் பக்கம் தலைகீழாகவும் இருப்பதால், அக்ரிமென்ட்டை எடுத்து ஒரு தடவை வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். பல மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் இது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாசம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் ஓனரிடம் கேட்டு எழுத வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்ய வைத்தாலே சீட்டு பார்த்ததற்குப் பலன் உண்டு.

மூன்று குவியலும் 13, 13, 13 என்று தீர்ந்து ஏஸே வராமல் போவதும் உண்டு. நூறு தடவை போட்டால் சுமார் ஆறு தடவை அப்படி நடக்கும். கட்டில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அன்றைக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். இருந்தாலும் நான்கு ஏஸும் கட்டில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

திரும்பக் கேட்பது

பதில் பிடிக்கவில்லை என்றால் உடனே மறுபடி கலைக்கக் கை துறுதுறுக்கும். கணக்கைப் பாருங்கள். நேர்-தலைகீழ் முறையில் மூன்று தடவை கேட்டால் ஒரு தடவையாவது ஆமா வர எட்டில் ஏழு வாய்ப்பு. மேலே சொன்ன பட்டியலில் நூற்றுக்குச் சுமார் 92. ஆமா வரும் வரை கேட்பது என்று உட்கார்ந்தால் ஆமா வந்தே தீரும். ஒரு கேள்விக்கு ஒரு தடவை. சூழ்நிலை மாறினால்தான் அடுத்த தடவை: புது ஆஃபர் வந்தது, ஓனர் வாடகையைக் குறைத்தார் என்பது போல. எதுவும் மாறாவிட்டால் ஒரு மாசம் போகட்டும்.

சீட்டைத் திருப்பிய அந்த முதல் நொடியைக் கவனியுங்கள். 'அப்பாடா' என்று வந்ததா, 'ஐயோ' என்று வந்ததா? இல்லை என்ற பதிலுக்கு அப்பாடா வந்தால், உங்கள் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அதையும் நோட்டில் ஒரு சொல்லாக எழுதுங்கள். பல நேரங்களில் சீட்டைவிட இந்தச் சொல்தான் சரியான வழியைக் காட்டும்.

மற்றவருக்குப் பார்க்கும்போது

அபார்ட்மென்ட்டில் சீட்டு பார்க்கத் தெரியும் என்று பேர் வந்துவிட்டால் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து வர ஆரம்பிப்பார்கள். வரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அக்கா, அவர் திரும்பி வந்து பேசுவாரா?" இதை அப்படியே எடுக்க வேண்டாம். இங்கே இல்லாத ஒருவரின் மனசைப் பற்றி நாம் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, கேட்கும் பெண்ணுக்கும் உதவாது. "நீ என்னம்மா செய்யலாம்னு கேளு" என்று திருப்புங்கள். "இந்த வாரம் நானே அவருக்கு போன் பண்ணலாமா?" என்று அவள் வாயாலேயே வர வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் கேள்வியாகிவிடும். கலைப்பதையும் வெட்டுவதையும் கேட்க வந்தவரே செய்யட்டும். திருப்புவது மட்டும் நீங்கள்.

பெரியவர்கள் எதிரில் இருந்தால், ஆரம்பிப்பதற்கு முன்பே டெத், டெவில், டவர் மூன்றையும் எடுத்துக் காட்டிவிடுங்கள். "பாட்டி, இந்த எலும்புக்கூடு வந்தா யாருக்கும் எதுவும் ஆகாது. ஒரு விஷயம் முடியுதுன்னு அர்த்தம்" என்று சொன்ன பிறகு கலைத்தால் ராத்திரி அவர்கள் தூக்கம் கெடாது. இல்லை வந்ததும் பரிகாரம் என்று காசு கேட்கிறவர்களிடம் நீங்களும் போக வேண்டாம், உங்களிடம் வருகிறவர்களையும் அனுப்ப வேண்டாம். 'இல்லை' என்பது தோஷம் இல்லை, கழிப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

நோட்டில் ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகக் கோடு போடுங்கள்: தேதி, கேள்வி, முறை, வந்த சீட்டு, முதல் நொடியில் தோன்றியது, கடைசியில் நடந்தது. ஆறாவது கட்டத்தைக் காலக்கெடு முடிந்த நாளில் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் தொடக் கூடாது. இருபது கேள்வி சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். நேர்-தலைகீழ் முறையில் இருபதுக்குச் சுமார் பத்துச் சும்மாவே பொருந்தும், அது நாணயம் சுண்டினாலும் வரும் கணக்கு. அதனால் எத்தனை பொருந்தியது என்பதோடு நிறுத்தாமல் ஐந்தாவது கட்டத்தையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்த மாதிரிக் கேள்விகளுக்கு 'அப்பாடா' வந்திருக்கிறது, எவற்றுக்கு 'ஐயோ' வந்திருக்கிறது என்று பாருங்கள். இருபதில் எட்டுக் கேள்வி ஒரே வேலையைப் பற்றி இருந்து, எட்டிலும் 'இல்லை'க்கு 'அப்பாடா' என்று எழுதியிருந்தால், ஒன்பதாவது தடவை கட்டைக் கலைக்க வேண்டாம். லேப்டாப்பைத் திறந்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் பாருங்கள்.